உத்திரமேரூர்க் கல்வெட்டும் நம் வரலாற்று வகுப்புகளும்

பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு எடுத்து, ஊர்ச் சபையின் குழுக்களான வாரியங்களுக்கு ஆட்களைத் தேர்ந்த சோழர் காலக் குடவோலை முறையைப் படிக்காமல் தமிழ்நாட்டில் பள்ளிப் படிப்பை முடித்தவர் அரிது. உத்திரமேரூர், முதலாம் பராந்தகன், வாரியங்கள் எல்லாம் ஒரே மூச்சில் நினைவுக்கு வரும். ஆனால் உத்திரமேரூர்க் கல்வெட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால், வரலாற்றில் பட்டம் பெற்றவர்களிலும் பலர் தயங்குகிறார்கள். நம் வரலாற்றுக் கல்வியின் நிலையை அறிய இந்த ஒரு கல்வெட்டைப் பின்தொடர்ந்தாலே போதும்.

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலில் இந்த முறையைச் சொல்பவை உண்மையில் இரண்டு கல்வெட்டுகள்: ஒன்று 919ஆம் ஆண்டு, மற்றது 921. ஊர் குடும்பு எனப்பட்ட முப்பது பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஓலையில் பெயர் எழுதப்பட வேண்டுமானால் கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும் வேண்டும். ஒரு வேதமும் ஓர் உரையும் கற்றவருக்கு அரைக்கால் வேலி நிலமே போதும். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கு மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினருக்கும் இடமில்லை. முதல் கல்வெட்டில் வயது வரம்பு 30 முதல் 60. இரண்டாவதில் 35 முதல் 70. இரண்டே ஆண்டுகளில் விதியை ஏன் திருத்தினார்கள்? நிலமில்லாத உழவர் எங்கே? பெண்கள் எங்கே? இது பிராமணருக்குக் கொடையாகத் தரப்பட்ட பிரமதேய ஊர் என்றால், மற்ற ஊர்களில் என்ன நடந்தது? ஒன்பதாம் வகுப்பு மாணவி கேட்கக்கூடிய கேள்விகள்தாம் இவை. வரலாறு தொடங்குவதே இவற்றில்தான். ஆனால் நம் வினாத்தாள் ‘குடவோலை முறை – குறிப்பு வரைக’ என்பதோடு நின்றுவிடுகிறது.

ஆறு முதல் பத்தாம் வகுப்பு வரை சமூக அறிவியலின் ஒரு பகுதியாக இருக்கும் வரலாறு, மேல்நிலையில்தான் தனிப் பாடமாகிறது. 2018இல் தொடங்கிய பாடநூல் மாற்றம் உண்மையான முன்னேற்றம். படங்களும் வரைபடங்களும் சான்றுகளைப் பற்றிய பேச்சும் கூடியிருக்கின்றன. அந்த முன்னேற்றத்தைத் தேர்வு முறை விழுங்கிவிடுகிறது. மதிப்பெண் மனப்பாடத்துக்கே கிடைக்கும் வரை, நல்ல பாடநூலையும் பிள்ளைகள் நோட்ஸாகச் சுருக்கித்தான் படிப்பார்கள்.

பல்கலைக்கழகத்தின் கதை வேறு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1914இல் எஸ். கிருஷ்ணசாமி ஐயங்காரோடு தொடங்கிய இந்திய வரலாற்றுத் துறை, கல்வெட்டுகளின் மேல்தான் வளர்ந்தது. அவருக்குப் பின் வந்த கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி, உத்திரமேரூர்ச் சபையை 1932இலேயே விரிவாக ஆராய்ந்தார். சோழர் வரலாற்றின் முதல் தொகுதியை 1935இல் வெளியிட்டார். ஜப்பானிலிருந்து வந்து இங்கே கல்வெட்டுப் பயின்ற நொபொரு கராஷிமா, 1966இல் திருச்சிப் பக்கத்து ஊர்களான அல்லூரையும் ஈசானமங்கலத்தையும் ஒப்பிட்டார். பிரமதேயமான ஈசானமங்கலத்தில் நிலம் தனித்தனி ஆட்களிடம் இருந்தது. வேளாண் ஊரான அல்லூரில் பொதுவில் இருந்தது. உத்திரமேரூர் ஒன்றைக் காட்டிச் சோழநாட்டு ஊர்கள் எல்லாம் இப்படித்தான் என்று சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. கல்வெட்டறிஞர் எ. சுப்பராயலுவும் கராஷிமாவும் ஆயிரக்கணக்கான பெயர்களைக் கல்வெட்டுகளிலிருந்து எடுத்து அட்டவணைப்படுத்தினார்கள். சோழ அரசு உறுதியான மைய அரசா, தளர்ந்த கூட்டா என்று வரலாற்றாசிரியர் பர்ட்டன் ஸ்டைன் 1980இல் கிளப்பிய விவாதமும் இந்தச் சான்றுகளின் மேல்தான் நடந்தது.

இத்தனை செழிப்பான உழைப்பு பி.ஏ. வகுப்புக்கு எவ்வளவு வந்து சேர்கிறது? மிகக் குறைவு என்பதே என் கருத்து. முதல் காரணம் மொழி. இந்த ஆய்வுகளில் பெரும்பகுதி ஆங்கிலத்தில் இருக்கிறது. மாணவர்களில் பெரும்பாலோர் தமிழ்வழியில் வருகிறார்கள். சாஸ்திரியின் சோழர் நூலே பல பத்தாண்டுகள் கழித்துத்தான் தமிழில் கிடைத்தது. இன்னொன்று, அரசுப் பணித் தேர்வு. அதற்காக வரலாற்றை எடுப்பதில் தவறே இல்லை. எளிய குடும்பங்களிலிருந்து வருபவர்களுக்கு அது வாழ்வின் வாசல். அந்தத் தேர்வின் வடிவம் வகுப்பறையின் வடிவமாகவும் ஆகிவிடுவதுதான் இழப்பு. கல்வெட்டியல் ஒரு தாளாக இருக்கும் கல்லூரிகளிலும் கோயிலுக்குப் போய்க் கல்வெட்டை மைப்படி எடுத்துப் பழகுவது அந்தந்த ஆசிரியரின் ஆர்வத்தைப் பொறுத்தே நடக்கிறது.

தி.வை. சதாசிவ பண்டாரத்தாரை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. கும்பகோணத்தில் நெடுங்காலம் பள்ளித் தமிழாசிரியராக இருந்தவர் அவர். கோயில் கோயிலாகச் சென்று கல்வெட்டுகளைப் படித்தார். பிற்காலச் சோழர் வரலாற்றைத் தமிழிலேயே எழுதினார். அவருடைய பரிசோதனைக் கூடம் ஊர்க் கோயிலின் சுவர். அந்தச் சுவர்கள் இன்றும் நம் ஊர்களில் நிற்கின்றன.

பாடநூலில் குடவோலைப் பகுதிக்கு அருகே அந்தக் கல்வெட்டின் பத்து வரிகளை, எளிய உரையோடு அச்சிடுங்கள். வினாத்தாளில் ஒரு கேள்வியாவது மாணவர் முன்பு பார்த்திராத ஒரு சான்றைக் கொடுத்து, அதிலிருந்து என்ன தெரிகிறது, என்ன தெரியவில்லை என்று கேட்கட்டும். கராஷிமாவின் அல்லூர்க் கட்டுரை போன்ற முப்பது, நாற்பது ஆய்வுகளைப் பல்கலைக்கழகங்கள் தமிழாக்கி மலிவு விலையில் தர வேண்டும். ஆசிரியர்கள் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. வரும் கல்வியாண்டில் ஒரு முற்பகலேனும் மாணவர்களை அருகிலுள்ள கோயிலுக்கு அழைத்துச் சென்று, ஒரு கல்வெட்டை அவர்களே எழுத்துக்கூட்டிப் படிக்க விடுங்கள்.