24 டிகிரியும் தாம்பரத்துப் புழுக்கமும்

இந்தியாவில் நட்சத்திரக் குறியீட்டோடு விற்கப்படும் அறை ஏசி எதுவானாலும், அதன் இயல்பு அளவு 24 டிகிரி செல்சியஸாக இருக்க வேண்டும். 2020 ஜனவரி 1 முதல் நடப்பிலுள்ள விதி இது. 2025 ஜூனில் மத்திய மின்துறை அமைச்சர் மனோகர் லால் இன்னொரு திட்டத்தையும் அறிவித்தார்: ஏசியை 20 டிகிரிக்குக் கீழேயோ 28 டிகிரிக்கு மேலேயோ வைக்க முடியாதபடி செய்வது. இதற்கிடையே கைப்பேசியிலிருந்து இயக்கும் வைஃபை ஏசிகள் புறநகர்க் கடைகளுக்கும் வந்துவிட்டன. அரசும் சந்தையும் சேர்ந்து நம் குளிர்ச்சியை ஓர் எண்ணின் பொறுப்பில் விட்டிருக்கின்றன. தென்சென்னைப் புறநகர்களான தாம்பரம், குரோம்பேட்டை, மேடவாக்கம் பகுதிகளில் வாழ்பவரின் உடம்புக்கும் மின்கட்டணத்துக்கும் அந்த எண் எவ்வளவு உதவுகிறது என்று எடைபோட வேண்டிய நேரம் இது. என் மதிப்பீட்டைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். பெரிய கட்டடங்களில் இந்தக் கட்டுப்பாடு தன் செலவுக்கு மேல் பலன் தருகிறது. வீடுகளில் அது நல்ல தொடக்கம். ஈரப்பதத்தையும் காற்றோட்டத்தையும் கூரையையும் கணக்கில் எடுக்காதவரை அது பாதிக் கருவிதான்.

அந்த எண்ணில் அறையை நிறுத்திவைக்கும் தெர்மோஸ்டாட் குளிர்நாட்டில் பிறந்தது. அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஆசிரியராக இருந்த வாரன் ஜான்சன், அறைக்குரிய மின்சாரத் தெர்மோஸ்டாட்டுக்கு 1883இல் காப்புரிமை பெற்றார். 2011இல் வந்த நெஸ்ட், வீட்டாரின் பழக்கத்தைக் கவனித்துத் தானே வெப்பத்தை மாற்றிக்கொள்ளும் கருவியாகப் புகழ்பெற்றது. இரண்டும் ஒரே வகை வீட்டை மனத்தில் வைத்தவை: வீடு முழுவதற்கும் ஒரே எந்திரம், அறைதோறும் செல்லும் குழாய், சுவரில் ஒரே கட்டுப்பாடு. தாம்பரத்தை ஒட்டிய சேலையூரிலுள்ள இரண்டு படுக்கையறை வீட்டில் அப்படி எதுவும் இல்லை. படுக்கையறையில் ஒரு ஸ்ப்ளிட் ஏசி, கூடத்தில் மின்விசிறி, அவ்வளவே. தெர்மோஸ்டாட் ஏசிக்கு உள்ளேயே ஒளிந்திருக்கிறது. ஆகவே நம் ஊரில் ஸ்மார்ட் கட்டுப்பாடு என்பது வீட்டில் வைஃபை ஏசியாகவும், அலுவலகக் கோபுரங்களில் பி.எம்.எஸ். எனப்படும் கட்டட மேலாண்மை அமைப்பாகவும் வந்து சேர்ந்திருக்கிறது.

முதலில் நிறைகள். 24 டிகிரி விதியின் வலிமை அதன் மென்மையில் இருக்கிறது. யாரையும் கட்டாயப்படுத்தாமல், எந்திரம் தொடங்கும் இடத்தை மட்டும் அது மாற்றியது. பதினெட்டில் தொடங்கினால் பதினெட்டிலேயே விட்டுவிடுபவர்கள், இருபத்து நான்கில் தொடங்கினால் பெரும்பாலும் அதையும் அப்படியே விடுவார்கள். ஒரு டிகிரி உயர்த்தினால் ஏறத்தாழ 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்பது மத்திய எரிசக்தித் திறன் அமைப்பின் கணக்கு. தமிழ்நாட்டின் மின்தேவை 2024 மே 2 அன்று 20,830 மெகாவாட் என்ற உச்சத்தைத் தொட்டது. கோடையில் ஒரே நேரத்தில் ஓடும் இலட்சக்கணக்கான ஏசிகளில் ஒரு டிகிரி என்பது மின்கட்டமைப்புக்குப் பெரிய ஆறுதல். ஜப்பான் அரசு 2005இல் கூல் பிஸ் இயக்கத்தைத் தொடங்கி, கோடையில் அலுவலகங்களை 28 டிகிரியில் வைக்கச் சொன்னது. கோட்டையும் டையையும் கழற்றிவைக்கவும் சொன்னது. எண்ணோடு உடையும் மாறினால்தான் எண் நிலைக்கும் என்பதை அந்த அரசு உணர்ந்திருந்தது.

பெரிய கட்டடங்களில் கட்டுப்பாட்டின் பலன் இன்னும் தெளிவானது. பழைய மாமல்லபுரம் சாலையின் கண்ணாடிக் கோபுரங்களில் மாலையில் ஒரு தளம் காலியாகும்போது அந்தத் தளத்துக்குப் போகும் குளிர்காற்றைக் குறைப்பது, குளிர்நீர் உண்டாக்கும் சில்லர் எந்திரங்களின் பம்பு வேகத்தைத் தேவைக்கேற்ப இறக்குவது, அலுவலகம் திறக்கும் நேரத்துக்குச் சற்று முன்பு மட்டும் எந்திரத்தைத் தொடங்குவது ஆகிய எல்லாம் மனிதர் ஒருவர் சுவிட்சோடு அலைந்து செய்ய முடியாத வேலைகள். 2000இல் திறக்கப்பட்ட தரமணி டைடல் பூங்கா, குளிர்ச்சியை முன்கூட்டியே உண்டாக்கிச் சேமித்துவைக்கும் அமைப்போடு கட்டப்பட்டது. எவ்வளவு குளிர்ச்சி என்ற கேள்வியோடு, எந்த நேரத்து மின்சாரத்தில் குளிர்ச்சி என்ற கேள்வியையும் கேட்டால்தான் இத்தகைய கட்டுப்பாடு முழுமை பெறும்.

இனிக் குறைகள். முதலாவதும் பெரியதும் ஈரப்பதம். மே, ஜூன் மாதங்களில் கடற்காற்று வெப்பத்தைத் தணித்தாலும் ஈரத்தையும் சுமந்து வருகிறது. தாம்பரத்துக்குள் அது மெரினாவை விடத் தாமதமாகவே வந்து சேரும். நம்மை வதைப்பது வெப்பமும் புழுக்கமும் சேர்ந்த கலவை. வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். தெர்மோஸ்டாட்டோ வெப்பத்தை மட்டுமே அறியும். அறை 24ஐத் தொட்டதும் பழைய வகை ஏசியின் கம்ப்ரசர் நின்றுவிடுகிறது, உள்ளிருக்கும் விசிறி மட்டும் ஓடுகிறது. காயிலில் ஒட்டியிருந்த நீர் மீண்டும் காற்றில் கலந்து அறைக்கே திரும்புகிறது. இன்வெர்ட்டர் ஏசி குறைந்த வேகத்தில் ஓடும்போது காயில் போதிய அளவு குளிராமல், ஈரத்தை வடிக்கும் திறன் இறங்குகிறது. திரையில் எண் சரியாகத் தெரிகிறது, போர்வைக்குள் பிசுபிசுப்பு. வீட்டார் உடனே 21க்கு இறக்குகிறார்கள். உண்மையில் அவர்கள் கேட்பது ஈரம் குறைந்த காற்று. அதை வாங்கக் கையிலிருக்கும் ஒரே பொத்தான் வெப்பத்தைக் குறைப்பது என்பதால் மின்சாரம் வீணாகிறது. ரிமோட்டில் ஈரத்தைக் குறைக்கவென்றே இருக்கும் டிரை மோட் பலருக்கும் சொல்லித்தரப்படுவதே இல்லை.

இரண்டாவது குறை, கருவி எங்கிருந்து அளக்கிறது என்பது. உணரி பொதுவாக ஏசிக்குள், மேற்கூரைக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. சூடான காற்று மேலே தங்குமிடம் அது. நாம் படுப்பது கட்டிலிலும் பாயிலும். மேல்தளத்து வீடுகளுக்கு இன்னொரு தொல்லை உண்டு. பகல் முழுக்க வெயில் குடித்த கான்கிரீட் தளம் இரவெல்லாம் கீழ்நோக்கி வெப்பத்தை வீசுகிறது. காற்று 24 டிகிரியில் இருந்தாலும் தலைக்கு மேலுள்ள கூரை தகித்தால் உடம்பு வெக்கையைத்தான் உணரும். இந்த வெப்பத்தைப் பெரும்பாலான வைஃபை ஏசிகள் காண்பதில்லை. மொட்டை மாடியில் கூலிங் டைல்ஸ் பதிப்பது, வெள்ளைப் பூச்சு அடிப்பது, வெதரிங் கோர்ஸ் எனும் மேல்தளப் பூச்சை ஒழுங்காகப் போடுவது ஆகியவை ஏசி சுமக்க வேண்டிய பாரத்தையே குறைக்கின்றன. அதனால் அவற்றையும் நான் குளிர்ச்சிக் கட்டுப்பாடு என்றே எண்ணுகிறேன்.

மூன்றாவது, 24 என்ற எண்ணே இலக்காகிவிடும் ஆபத்து. அகமதாபாத்தின் செப்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்திய அலுவலகங்களில் வேலை செய்வோரிடம் கேட்டு உருவாக்கிய ஐமாக் என்ற மாதிரி 2016இல் வெளியானது. இந்தியர் வெளிவெப்பத்துக்குத் தங்களைப் பழக்கிக்கொள்கிறார்கள் என்பதே அதன் சாரம். அதன்படி, சராசரி வெளிவெப்பம் 32 டிகிரியாக உள்ள காலத்தில், ஏசியும் சன்னலும் மாறிமாறிப் பயன்படும் கட்டடத்தில் 27 டிகிரியை ஒட்டிய வெப்பமே இதமாக இருக்கும். மின்விசிறியின் காற்று மேலும் இரண்டு மூன்று டிகிரி குளிர்ச்சியை உடம்புக்குத் தரும். மின்சிக்கனமான பி.எல்.டி.சி. வகை மின்விசிறி சுமார் 30 வாட் எடுக்கிறது. ஒன்றரை டன் ஏசி முழு வேகத்தில் ஆயிரத்தைந்நூறு வாட்டை ஒட்டி எடுக்கிறது. 27இல் விசிறியோடு நிம்மதியாக உறங்கிய குடும்பம், அரசு சொன்னதாயிற்றே என்று 24க்கு வந்தால், சிக்கனத்துக்காக வந்த விதி செலவைக் கூட்டிவிடும்.

இதன் விலையைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஏசி மணிக்குச் சராசரியாக முக்கால் யூனிட் எடுத்து இரவில் எட்டு மணி நேரம் ஓடினால், இரண்டு மாதத்தில் 360 யூனிட். 24இலிருந்து 27க்கு உயர்த்தினால் அதில் ஏறத்தாழ 60 யூனிட் குறையும். நம் மின்வாரியக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால் கூடுதல் யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை. கீழ்ப்படியில் கிடைத்த சலுகையும் போய்விடுகிறது. ஃபிரிட்ஜும் மோட்டாரும் சேரும் வீட்டில் அந்த எல்லையைத் தாண்டுவதா நிற்பதா என்பதை இந்த 60 யூனிட்டே தீர்மானித்துவிடலாம். ஆனால் அது வீட்டாருக்குத் தெரியவருவது இரண்டு மாதம் கழித்து. வாடகை வீட்டில் உரிமையாளர் யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஒரே விலை வைத்துவிட்டால் அதுவும் தெரியாது. செலவைச் சொல்லாத கட்டுப்பாடு சிக்கனத்தைக் கற்றுத்தராது.

அலுவலகங்களில் குறை வேறு வகையானது: கட்டுப்பாடு யார் கையில் என்பது. எண்ணைத் தீர்மானிப்பவர் அடித்தளத்துக் கண்காணிப்பு அறையில் இருக்கிறார். குளிரில் சால்வை போர்த்திக்கொண்டு வேலை செய்பவர் ஏழாம் தளத்தில் இருக்கிறார். நேச்சர் கிளைமேட் சேஞ்ச் இதழில் 2015இல் கிங்மாவும் வான் மார்க்கன் லிச்டன்பெல்ட்டும் வெளியிட்ட ஆய்வு, அலுவலக வெப்ப அளவுகளுக்கு அடிப்படையான கணக்கு ஓர் ஆணின் உடல் வெப்ப உற்பத்தியை வைத்தே போடப்பட்டது என்று காட்டியது. பெண்கள் பெருந்தொகையாக வேலை செய்யும் தென்சென்னை அலுவலகங்களில் இதைப் புறந்தள்ள முடியாது. தண்ணீர்க் கணக்கும் உண்டு. நீரால் குளிரும் சில்லர்களின் குளிர்விப்புக் கோபுரங்கள் நாள்தோறும் தண்ணீரை ஆவியாக்குகின்றன. 2019 ஜூன் தண்ணீர்ப் பஞ்சத்தில் பழைய மாமல்லபுரம் சாலையின் சில நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொன்னதை நாம் மறக்கக் கூடாது. தேவைக்கு மேல் குளிரூட்டும் ஒவ்வொரு டிகிரியிலும் லாரித் தண்ணீர் கலந்திருக்கிறது.

கடைசியாக, காற்று. டாக்டர் டேவிட் சௌரி முத்து 1928இல் காசநோயாளிகளுக்குச் சானடோரியம் தொடங்கத் தாம்பரத்தைத் தேர்ந்தார். திறந்தவெளிக் காற்றே மருந்து என்று நம்பியவர் அவர். சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937இல் ஜார்ஜ் டவுனிலிருந்து வந்து குடியேறியதும் இங்குள்ள 365 ஏக்கர் புதர்க்காட்டில்தான். அதே ஊரில் இன்று சன்னலை அடைத்துத் திரை போட்டு, அறைக் காற்றையே விடியும்வரை சுழற்றுகிறோம். ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. மூச்சுக்காற்று தேங்குவதை அதன் தெர்மோஸ்டாட் அறியாது.

ஆகவே கட்டுப்பாட்டைக் கைவிடச் சொல்லவில்லை. அதை நம் ஊருக்கு ஏற்ப வளர்க்கச் சொல்கிறேன். ஏசியில் ஈரப்பத உணரியும், ஈரத்தை இலக்காக வைத்து இயங்கும் வழியும் நட்சத்திரக் குறியீட்டின் நிபந்தனையாக வேண்டும். எரிசக்தித் திறன் அமைப்பு 24ஐத் தொடக்கமாக மட்டும் சொல்லி, கடலோர ஊர்களுக்கு மின்விசிறியோடு 27 என்ற அறிவுரையையும் சேர்த்துத் தர வேண்டும். மின்வாரியம் அன்றாடச் செலவைக் கைப்பேசியில் காட்டினால், வைஃபை ஏசிக்கு முதன்முறையாக ஓர் அர்த்தம் கிடைக்கும். அலுவலகங்களில் தளம்தோறும் ஊழியர்களிடம் கேட்டு அளவை மாற்றும் நடைமுறை வேண்டும். வீடு கட்டுவோரும் வாங்குவோரும் பணத்தை முதலில் கூரைக்கும், அடுத்து மின்விசிறிக்கும், அதன்பிறகே ஏசிக்கும் ஒதுக்க வேண்டும். இந்த வரிசை தலைகீழாக இருக்கும்வரை எவ்வளவு கெட்டிக்காரக் கருவி வந்தாலும் கோடையின் சுமை எளியவரின் மின்கட்டணத்திலேயே வந்து விழும்.