துவர்ப்பின் பக்குவம்

ராசிங்காபுரத்திலிருந்து தேவாரம், கோம்பை வழியாகத் தெற்கே போனால் கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைப் பந்தல்கள் வந்துவிடும். சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டிப் பக்கம் விளையும் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்த சேதி எல்லோருக்கும் தெரியும். அதன் பூர்வீகம்தான் அதிகம் பேசப்படுவதில்லை. வெளியுலகம் மஸ்கட் ஹாம்பர்க் என்று சொல்லும் இந்தக் கறுப்புத் திராட்சை ஒரு கலப்புப் பிறவி. ஒரு பக்கம் அலெக்சாண்டிரியா மஸ்கட். மறுபக்கம் வட இத்தாலிய மலைச்சரிவுகளில் சிவப்பு ஒயினுக்காக வளர்க்கப்படும் ஸ்கியாவா குடும்பத்து ரகம். ஆகவே இத்தாலியச் சிவப்பு ஒயினின் மரபைப் பற்றிப் பேச நமக்கும் ஒரு சொந்தம் உண்டு. அந்த மரபைப் பழைய பீப்பாயிலும் பரம்பரைப் பெயரிலும் தேடுகிறவர்கள் அதிகம். ஒரு பழத்தின் துவர்ப்பு எவ்வளவு காலம் கேட்கிறதோ அவ்வளவு காலம் கொடுப்பதே மரபு என்பது என் கட்சி.

இதற்கு முதல் சாட்சி வட இத்தாலியின் பீட்மான்ட் பகுதியில் உள்ள பரோலோ ஊரில் 1918-இல் தொடங்கிய மஸ்கரெல்லோ குடும்பத்தின் ஒயின்கூடம். அவர்கள் கையாளும் நெபியோலோ வினோதமான பழம். தோல் மெல்லியது, சாயம் குறைவு. ஆனால் தோலிலும் கொட்டையிலும் துவர்ப்பு கொட்டிக் கிடக்கிறது. இதில் செய்யும், ஊர்ப் பெயரையே தாங்கிய பரோலோ ஒயினை நாள்பட்ட பின் கிண்ணத்தில் ஊற்றி வெள்ளைத் துணிக்கு மேல் சாய்த்துப் பாருங்கள்: நடுவில் மாதுளைச் சிவப்பு, விளிம்பில் செங்கல் நிறம். இவ்வளவு வெளிறியதில் என்ன வீரியம் இருக்கப்போகிறது என்று வாயில் வைத்தால் ஈறு இறுகும், நாக்கு வறளும். இந்த முரட்டுத்தனத்தை அடக்க அங்கே ஒன்றையும் சேர்ப்பதில்லை. சிமென்ட் தொட்டியில் சாறு நொதிக்கும்போது தோல் மேலே மிதந்து ஆடையாகக் கட்டும். அதைச் சாற்றில் நனைத்து நனைத்து வாரக்கணக்கில் ஊறவிடுகிறார்கள். பிறகு சக்கை நீக்கி, ஆயிரக்கணக்கான லிட்டர் கொள்ளும் பெரிய ஓக் பீப்பாய்களுக்கு மாற்றுகிறார்கள். அவ்வளவு பெரிய, பழகிய பீப்பாயில் மரத்தின் வாசனை ஒயினில் ஏறாது. காற்று மட்டும் மெல்லக் கசியும். துவர்ப்பு தன் கூர்மையை இழந்து படிவது அப்போதுதான். பரோலோ என்று பெயர் போட 38 மாதம் காத்திருக்க வேண்டும், அதில் 18 மாதம் மரத்தில் இருக்க வேண்டும் என்பது சட்டம். இன்னொன்று: தனித்தோட்டப் பெயர் போட்டால் விலை ஏறும் என்று தெரிந்தும், நான்கு தோட்டத்துப் பழத்தையும் கலந்தே ஒயின் செய்கிறது இந்தக் குடும்பம். 2005-இல் மறைந்த பர்தோலோ மஸ்கரெல்லோ, சிறு பீப்பாயும் வேண்டாம், அரசியல்வாதி பெர்லுஸ்கோனியும் வேண்டாம் என்று தன் கையால் வரைந்த லேபிளில் எழுதி ஒட்டியவர். அந்தக் குசும்புக்காகவே அவரைப் பிடிக்கும்.

‘பழைய பழக்கத்துக்குப் பெரிய பெயர் சூட்டுகிறீர்கள்’ என்று இதற்கு மறுப்பு வரும். லேசான மறுப்பு அல்ல. அதே வட்டாரத்தில் எலியோ அல்தாரே 1983-இல் தன் தந்தையின் பீப்பாய்களை ரம்பத்தால் அறுத்தெறிந்தார். தந்தை அவருக்குச் சொத்தில்லாமல் செய்தார். மகன் பக்கம் நியாயம் இருந்தது. சுத்தம் செய்யப்படாத பழைய பீப்பாய் எத்தனையோ நல்ல பழத்தைக் கெடுத்திருக்கிறது. அந்தப் பாடத்தை மரபுக்காரர்களும் கற்றுக்கொண்டார்கள். ஆனால் பழையதற்குப் பதிலாக வந்த, 225 லிட்டர் கொள்ளும் சிறு புதுப் பீப்பாய் வெனிலா வாசனையையும் வறுத்த மணத்தையும் ஏற்றுகிறது. சாயம் ஏற்றிய ஏலக்காயைப் போடி ஏல மையத்து வியாபாரி எப்படிப் பார்ப்பாரோ, அப்படித்தான் மரபு ரசிகர் இதைப் பார்க்கிறார். ஒப்புமையைக் கொஞ்சம் தளர்த்தியே எடுத்துக்கொள்ள வேண்டும்: சாயம் மோசடி, ஓக் மோசடியில்லை. இரண்டிலும் சரக்கின் சொந்த முகம் மறைகிறது என்பதுதான் புகார்.

இந்தியாவில் இத்தாலிய வழியில் சிவப்பு ஒயின் செய்யும் குடும்பக் கூட்டணி என்றால் சோலாப்பூர் மாவட்டம் அக்லூஜில் உள்ள ஃப்ரதெல்லிதான். இத்தாலியின் செச்சி, டெல்லியின் சேக்ரி, அக்லூஜின் மோஹிதே-பாட்டீல் என்று மூன்று வீட்டுச் சகோதரர்கள் சேர்ந்து தொடங்கியது. ஒயின் பக்குவத்துக்கு வந்தவர் டஸ்கனியின் பியரோ மாசி. இத்தாலியில் பனிக்காலத்தில் கொடி உறங்கும். தக்காணத்தில் அது உறங்குவதே இல்லை. அதனால் ஏப்ரல் வாக்கில் ஒரு கவாத்து, மழை ஓயும் சமயம் இன்னொரு கவாத்து. அறுவடை மட்டும் ஒன்று. கொடியைக் கவாத்துக் கத்தியால் அடக்கி வைப்பதை மரபுமீறல் என்று சொல்ல மாட்டேன். பழம் முற்றுவதற்கு அந்த மண் கேட்கும் விலை அது. என் தயக்கம் வேறு. அவர்களின் முதன்மைச் சிவப்பான ‘செத்தே’ சாஞ்சியோவேசே திராட்சையுடன் கபர்னே சொவின்யோன் திராட்சையைக் கலந்து, பிரெஞ்சு ஓக்கில் முதிர வைப்பது. டஸ்கனியின் அந்தினோரி குடும்பம் 1971-இல் தின்யனெல்லோ என்ற ஒயினைச் சிறு பீப்பாயில் வைத்துத் தொடங்கிய சீர்திருத்தத்தின் வாரிசு அது. இத்தாலியம்தான், குடும்பம்தான், பர்தோலோவின் வழி இல்லை.

சாராயத்தால் குடும்பங்கள் சீரழியும் மாநிலத்தில் ஒயினின் நயம் பேசுவது எதற்கு என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். போதைக்காக எனில் 38 மாதம் காத்திருக்க யாருக்கும் அவசியமில்லை. இங்கே ரசிக்கப்படுவது தொழில் நேர்த்தி. அந்தக் கண்ணோடு கம்பத்துக்குத் திரும்பினால், பன்னீர் திராட்சையைப் பரோலோவாக்க முயல்வது வீண் என்று புரியும். அதில் துவர்ப்பு குறைவு, மணம் அதிகம். ஆண்டுக்கணக்கில் மரத்தில் வைத்தால் போவது மணம்தான். பன்னீர் திராட்சைக்கான முன்மாதிரி அதன் இத்தாலியச் சொந்தத்திடமே இருக்கிறது. ஆல்ப்ஸ் அடிவாரத்தில் ஸ்கியாவாவையும் மரபாகப் பந்தலில்தான் படரவிடுகிறார்கள். தோலோடு கொஞ்ச நாள் ஊறவைத்து, வெளிறிய சிவப்பில் வடித்து, இளமையிலேயே குடித்துவிடுகிறார்கள். பன்னீர் திராட்சையிலிருந்து ஒயின் செய்கிறவர்கள் பீப்பாய்க்குச் செலவிடும் காசை, பழம் சரியாக முற்றும்வரை கொடியிலேயே விட்டுவைக்கும் விவசாயிக்குக் கூடுதல் விலையாகக் கொடுக்கலாம்.