தேறிய பிறகும் திறக்காத கதவு

வெளிநாட்டில் மருத்துவம் படித்து வந்தவர்களுக்கான எஃப்.எம்.ஜி.ஈ. தேர்வு முடிவு வரும்போதெல்லாம் ஒரே பேச்சுதான். 2025 ஜூன் தேர்வை எழுதியவர்கள் 36,034 பேர். தேறியவர்கள் 6,707 பேர். நூற்றுக்குப் பத்தொன்பது பேர்கூட இல்லை. உடனே மேடைகளிலும் தொலைக்காட்சி விவாதங்களிலும் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள்: இப்படி ஒரு தேர்வு எவ்வளவு அவசியம் என்று இப்போதாவது தெரிகிறதா? அதன் கூடவே இன்னொரு வாதமும் வந்து ஒட்டிக்கொள்கிறது. தகுதியில்லாதவர்கள் கோர்ட்டுக்குப் போய் டாக்டராகப் பார்க்கிறார்கள், மருத்துவரை உருவாக்க வேண்டியது கல்லூரிதானே தவிர நீதிமன்றம் இல்லை என்பது அந்த வாதம். முதல் பேச்சோடு எனக்குச் சண்டையில்லை. இரண்டாவதை இத்தனை காலம் யாரும் மறுத்துக் கேட்காமல் விட்டிருக்கிறோமே என்பதுதான் வருத்தம்.

தேர்வு வேண்டும். 2002 முதல் நடந்துவரும் இத்தேர்வில் 300 கேள்விகள். 150 சரியாக இருந்தால் போதும். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை, ஆண்டுக்கு இரண்டு முறை எழுதலாம். இதைக் கொடுமை என்று யாரும் சொல்லிவிட முடியாது. இந்தத் தேர்வில் தேறாமலேயே பதிவு பெற்றதாக 73 பேர்மீது 2022 டிசம்பரில் சி.பி.ஐ. வழக்குப் பதிந்தது, 14 மாநில மருத்துவக் கவுன்சில்களையும் அதில் சேர்த்தது. அதே சமயம், தேர்வை நடத்துபவர்கள் வினாத்தாளை வெளியிடுவதில்லை, மறுமதிப்பீடு கிடையாது, உள்நாட்டில் படித்தவர்களுக்கும் சேர்த்து ஒரே தேர்வு என்று 2019ஆம் ஆண்டு தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் சொன்ன 'நெக்ஸ்ட்' தள்ளிக்கொண்டே போகிறது. இவையெல்லாம் குறைகள்தான். ஆனால் மனம் வைத்தால் தீர்ந்துவிடும் குறைகள். ஆம்பூரில் தோல் ஷாப்பில் வேலை பார்ப்பவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நள்ளிரவில் ஒரு நர்சிங் ஹோமுக்குப் போனால், அங்கே இருக்கும் டியூட்டி டாக்டர் உண்மையிலேயே டாக்டராக இருக்க வேண்டும். அதில் சமரசம் கிடையாது.

என் மறுப்பு, தேறாத இருபத்தொன்பதாயிரம் பேரைப் பற்றியது அன்று. தேறியவர்களைப் பற்றியது.

தேர்வில் தேறுவதோடு வேலை முடிந்துவிடும் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் சென்னையில் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் படியேற வேண்டும். தற்காலிகப் பதிவு, பிறகு இங்கே ஓர் ஆண்டு ஹவுஸ் சர்ஜன் பயிற்சி, அதன் பிறகு நிரந்தரப் பதிவு. இதில் எந்தப் படியிலும், 'உங்கள் விஷயத்தில் தெளிவு வரவில்லை, காத்திருங்கள்' என்ற பதில் வரலாம். அந்தத் தெளிவு டில்லியிலிருந்து சுற்றறிக்கையாக வர வேண்டும். கடந்த சில ஆண்டுகளாக இந்தப் பிள்ளைகளின் உரிமத்தைத் தேர்வைவிடச் சுற்றறிக்கைகளே அதிகம் தீர்மானிக்கின்றன என்பதுதான் என் குற்றச்சாட்டு.

2022ஆம் ஆண்டின் இரண்டு தீர்ப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் இது விளங்கும். இரண்டுமே சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனவை. இரண்டையும் வழங்கியது ஒரே அமர்வு. முதலாவது ஏப்ரல் 29இல் வந்தது. சீனாவில் படித்துக்கொண்டிருந்தபோது கொரோனா வந்ததால் ஊர் திரும்பி, மீதிப் படிப்பை ஆன்லைனில் முடித்து, பட்டமும் வாங்கி, எஃப்.எம்.ஜி.ஈ.யிலும் தேறியவர்களுக்கு மாநிலக் கவுன்சில் தற்காலிகப் பதிவு தர மறுத்திருந்தது. கூடுதல் பயிற்சியோடு பதிவு தரலாம் என்றது உயர் நீதிமன்றம். தேசிய மருத்துவ ஆணையம் மேல்முறையீடு செய்தது. நோயாளியைத் தொட்டுப் படிக்காத படிப்பு படிப்பாகாது என்று ஆணையத்தின் பக்கம் நின்ற உச்ச நீதிமன்றம், அதோடு விட்டுவிடவில்லை. இவர்கள் விட்டுப்போன பயிற்சியைப் பெற இரண்டு மாதத்துக்குள் ஒரு திட்டம் வகுத்தாக வேண்டும் என்று ஆணையத்துக்கு உத்தரவிட்டது. இரண்டாவது தீர்ப்பு மே 2இல் வந்தது. குறைந்தது 54 மாதப் படிப்பு, படித்த நாட்டிலேயே 12 மாதப் பயிற்சி, இங்கே மறுபடி 12 மாதம், எல்லாவற்றையும் சேர்ந்த நாளிலிருந்து பத்து ஆண்டுக்குள் முடிப்பது என்று 2021 நவம்பர் 18இல் வெளியான உரிம விதிகள் செல்லும் என்றது.

இரண்டு தீர்ப்பும் ஆணையத்துக்கே வெற்றி என்று கொண்டாடினார்கள். முதல் தீர்ப்பை நான் அப்படிப் படிக்கவில்லை. ஆன்லைன் படிப்பை ஏற்க மாட்டோம் என்று சொல்லத் தெரிந்த ஆணையத்துக்கு, அப்படியானால் இந்தப் பிள்ளைகள் வேறு என்ன செய்ய வேண்டும் என்று சொல்லத் தோன்றவில்லை. விமானங்கள் நின்றது 2020இல். விடை கிடைத்தது 2022 ஜூலை 28இல், அதுவும் உச்ச நீதிமன்றம் கெடு வைத்த பிறகு: 2022 ஜூன் 30க்குள் படிப்பை முடித்துப் பட்டம் பெற்ற இறுதியாண்டு மாணவர்கள் மட்டும், தேர்வில் தேறிய பின் ஓராண்டுக்குப் பதில் ஈராண்டு பயிற்சி செய்யலாம். நான்காம் ஆண்டில் இருந்தவர்கள் என்ன ஆவது? உக்ரைன் போர் விரட்டிய மற்றவர்கள்? 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தில் ஒன்றிய அரசு வாய் திறக்கும்வரை அவர்களுக்கு முழுமையான விடை இல்லை. பிறகு 2023 டிசம்பரில் இன்னொரு சுற்றறிக்கை. 2024 ஜூன் 7இல் ஓர் அறிவிப்பு. அந்த அறிவிப்புக்கு ஜூன் 19இல் ஒரு விளக்கம். இடையில் பன்னிரண்டு நாள்தான். அதற்குள் எத்தனை குடும்பங்கள் ஓராண்டுப் பயிற்சியா, ஈராண்டா, மூன்றாண்டா என்று புரியாமல் தவித்திருக்கும்!

இங்கே ஒரு நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். 2021 விதிகள் கடுமையானவைதான். ஆனால் அவை விதிக்குரிய முறையில் வந்தவை: அரசிதழில் வெளியாயின, அதன்பின் சேர்கிறவர்களுக்கே பொருந்தின. சேரும் முன்பே படித்துப் பார்த்து, வேண்டாமென்றால் விலகிக்கொள்ளலாம். சுற்றறிக்கை அப்படியில்லை. ஏற்கெனவே பணம் கட்டி, படித்து, தேறி, வரிசையில் நிற்பவரின் தலையில் அது வந்து விழுகிறது. கல்லூரியில் சேர்ந்தபோது ஒரு நிபந்தனை, படிக்கும்போது வேறொன்று, பட்டம் வாங்கியபோது மற்றொன்று, கவுன்சில் கவுன்டருக்கு வரும்போது நான்காவது. அந்த நான்காவதைக் கவுன்டரில் இருப்பவர் எப்படிப் புரிந்துகொள்கிறாரோ அதுதான் அன்றைக்குச் சட்டம். எந்தெந்த மாதம் வகுப்பு நேரில் நடந்தது என்று கல்லூரியிடமிருந்து கடிதம் கேட்கிறார்கள், தூதரகச் சான்று கேட்கிறார்கள். போர் நடக்கும் நாட்டிலிருந்து ஒரு பதிவாளரின் கையெழுத்தை வரவழைப்பது யார் பொறுப்பு? மாணவர் பொறுப்பு. ஓர் ஆணையம் இன்னொரு நாட்டின் ஆணையத்துக்கு ஒரு மின்னஞ்சல் எழுதிக் கேட்டுவிட முடியாதா என்ற கேள்விக்கு மட்டும் எந்தச் சுற்றறிக்கையிலும் இடமில்லை.

"அதற்குத்தான் கோர்ட் இருக்கிறதே" என்பார்கள். இருக்கிறது, ஆம்பூரிலிருந்து ஏறத்தாழ 180 கிலோமீட்டர் தொலைவில். சட்டப் புத்தகத்தில் வேறு என்ன வழி எழுதியிருந்தாலும், நடைமுறையில் இந்தப் பிள்ளைகள் போய் நிற்பது சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு ரிட் மனுவோடுதான். வீட்டை அடமானம் வைத்து, நகையை விற்று, இருபது முப்பது லட்சம் செலவழித்துப் படிக்க வைத்த குடும்பம், மறுபடி வக்கீல் ஃபீஸுக்கு அலைய வேண்டும். அலைந்து ஜெயித்தாலும் ஆணை மனு போட்டவர் பெயரில்தான் வரும். அதே கல்லூரியில், அதே வகுப்பில், அதே மாதங்களில் ஆன்லைனில் படித்த பக்கத்துத் தெருப் பையன் தனியாக இன்னொரு ரிட் போட வேண்டும். புதிய விதியின்கீழ் வருபவருக்கோ பத்தாண்டுக் கெடு ஓடிக்கொண்டே இருக்கும். வழக்கு இழுக்கும் காலத்தை யார் திருப்பித் தருவது?

இலவச சட்ட உதவி இல்லையா என்றால், உண்டு. 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணி ஆணையங்கள் சட்டத்தின் 12ஆம் பிரிவு அதைத் தெளிவாகவே சொல்கிறது. பெண்ணாக இருந்தால் வருமானம் எவ்வளவு என்ற கேள்வியே எழாது. பட்டியல் சாதியினருக்கும், மாற்றுத் திறனாளிகளுக்கும், தொழிற்சாலைத் தொழிலாளிகளுக்கும் அப்படியே. ஆக ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் உட்காரும் தாய்க்கு அந்த உரிமை உண்டு. படித்து வந்த மகளுக்கும் உண்டு. இந்த வகைகளில் வராத மகனுக்கு மட்டும் வருமான வரம்பு பார்ப்பார்கள். ஏட்டில் இவ்வளவு அருமையாக இருக்கும் உதவியை, கவுன்சில் பதிவு மறுத்த எத்தனை பேர் கேட்டுப் போயிருப்பார்கள்? வட்ட சட்டப்பணிகள் குழு என்றால் ஜீவனாம்சம், விபத்து இழப்பீடு, மக்கள் நீதிமன்றம் என்றே ஊரில் அறிவார்கள். பதிவை மறுக்கும் கவுன்சில் கடிதத்தின் அடியில், 'உங்களுக்கு இலவச சட்ட உதவி பெற உரிமை இருக்கலாம், 15100 என்ற எண்ணை அழையுங்கள்' என்று ஒரு வரி அச்சடிக்க எவ்வளவு மை செலவாகும்?

ஆம்பூர், வேலூர் அடங்கிய தோல் வட்டாரத்துக்கு வழக்கு புதிதில்லை. பாலாற்றைத் தோல் கழிவு கெடுத்ததற்கு எதிராக வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28இல் தீர்ப்பு வந்தது. மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கோட்பாடு இந்நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதி என்று அது உறுதிசெய்தது. அந்தத் தீர்ப்பு தோல் ஆலைகளை எப்படி நடத்தியது என்று பாருங்கள். என்ன கட்ட வேண்டும் என்று சொன்னது. எந்தத் தேதிக்குள் என்று சொன்னது. தனியாக முடியாதவர்கள் கூடிப் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் அமைத்துக்கொள்ளலாம் என்ற வழியையும் திறந்து வைத்தது. வழக்குப் போட்டது ஒரு மன்றம், பயன் வட்டாரத்துக்கே. ஆற்றைக் கெடுத்த ஆலைக்குக் கிடைத்த அந்தத் தெளிவும் தவணையும், ஒரு குற்றமும் செய்யாமல் தேர்வில் தேறி நிற்கும் பிள்ளைக்குக் கிடைக்கவில்லை. 2025 ஜனவரியில் அதே பாலாற்றுக்காக உச்ச நீதிமன்றம் மறுபடி உத்தரவிட வேண்டி வந்தது என்பதையும் மறக்க வேண்டாம். இவ்வளவு தெளிவாகச் சொல்லியும் அமல்படுத்த ஏறத்தாழ முப்பது ஆண்டு போதவில்லை என்றால், தெளிவே இல்லாத சுற்றறிக்கையின் கதி என்ன?

தரத்தை உயர்த்தும்போது சுமை யார்மேல் விழ வேண்டும் என்பதற்கு இன்னும் பழைய சான்று வேலூரிலேயே இருக்கிறது. அமெரிக்காவில் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் படித்து வந்த ஐடா ஸ்கடர் 1918இல் தொடங்கிய பெண்கள் மருத்துவப் பள்ளி, பட்டத்துக்குக் குறைந்த எல்.எம்.பி. படிப்பைத்தான் சொல்லிக்கொடுத்தது. 1930களின் பிற்பகுதியில் அந்தப் படிப்பை முடிவுக்குக் கொண்டுவந்து பட்டப் படிப்பே வேண்டும் என்று அரசு தரத்தை உயர்த்தியபோது, சுமை விழுந்தது நிறுவனத்தின் மேல். பணமும் ஆசிரியர்களும் படுக்கைகளும் தேடி அலைந்து, 1942இல் எம்.பி.பி.எஸ். வகுப்பைத் தொடங்கினார்கள். அப்படித்தான் இன்றைய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியான சி.எம்.சி. உருவானது. தரத்தை உயர்த்துவதென்றால் அப்படி உயர்த்த வேண்டும். இன்றைய ஆணையமோ, எந்த வெளிநாட்டுக் கல்லூரி தகும் என்று ஒரு பட்டியல்கூட வெளியிடுவதில்லை. விதியைப் படித்து மாணவரே முடிவு செய்துகொள்ள வேண்டும். மருத்துவப் படிப்பு நான்கே ஆண்டான பிலிப்பைன்ஸ், 54 மாத விதிக்கு எப்படிப் பொருந்தும் என்பதைப் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பதினெட்டு வயதுப் பிள்ளையும் அதன் பெற்றோரும் அலசி ஆராய வேண்டும். கன்சல்டன்சிக்காரர் என்ன சொல்வார் என்று எல்லோருக்கும் தெரியும். பெற்றோரின் பேராசை என்று பழி போட்டுவிட்டுப் போகிறவர்களுக்கு, இவ்வளவு அதிகாரம் உள்ள ஓர் ஆணையம் அந்தக் கன்சல்டன்சிகளை ஏன் தொடுவதில்லை என்று கேட்க மட்டும் வாய் வருவதில்லை.

பிரிட்டனில் வெளிநாட்டு மருத்துவர்களுக்கான 'பிளாப்' தேர்வு எளிதானது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எழுத்துத் தேர்வு போதாதென்று செய்முறைத் தேர்வும் உண்டு. ஆனால் அங்கே பதிவு மறுக்கப்பட்டால், மேல்முறையீட்டுக் குழுவிடம் போகும் உரிமையை 1983ஆம் ஆண்டு மருத்துவச் சட்டமே தருகிறது. தேர்வு கடினமாக இருப்பதற்கும் கதவு நியாயமாக இருப்பதற்கும் பகையில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. மறுப்பு எதுவானாலும் காரணத்தோடு எழுத்தில் தர வேண்டும். இத்தனை நாளுக்குள் முடிவு என்று கெடு வேண்டும். ஒருவர் வழக்கில் வந்த தீர்ப்பு, அதே நிலையில் உள்ள அனைவருக்கும் தானாகப் பொருந்த வேண்டும். நிபந்தனை மாறினால் அது இனிச் சேர்கிறவர்களுக்கே, சேர்ந்துவிட்டவர்களுக்கு இல்லை. இவை நடந்தால் ரிட் மனுக்களில் பெரும்பகுதி தானே குறைந்துவிடும். நடக்காதவரை, மருத்துவரை நீதிமன்றம் உருவாக்கக் கூடாது என்று முழங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்லலாம். இன்றைக்கு மருத்துவப் பதிவேட்டில் பெயர் ஏறுவதற்குத் தேர்வில் தேறினால் மட்டும் போதவில்லை, சென்னையில் வக்கீல் வைக்கவும் வசதி வேண்டியிருக்கிறது. இந்த நிலையை உண்டாக்கியது மனு போட்ட பிள்ளைகள் இல்லை. விதியை நேரத்தில் எழுதாதவர்கள்தான்.