கசிவை வைத்து ஒரு கணக்கு

கெப்பாலா பத்தாஸில் பெரியம்மாவுக்கு எக்கோ எடுத்தபோது கூட இருந்தேன். “இடப்பக்கம் ஒருக்களிச்சுப் படுங்கம்மா” என்றார் கருவியைப் பிடித்திருந்த பெண்.

நுரையீரல் தமனியின் அழுத்தத்தை நேரே அளக்க, சிரை வழியாக இதயத்துக்குள் குழாய் செலுத்த வேண்டும். சந்தேகம் வந்தால் இன்றும் அதுதான் உறுதி. எக்கோவோ ஒரு கசிவைப் பிடித்துக்கொள்கிறது. வலப்புற மூவிதழ் வால்வு நல்ல இதயத்திலும் சற்றே கசியும். வலக் கீழறையில் அழுத்தம் ஏற ஏறக் கசிவு வேகமாகப் பீறிடும். அந்த வேகத்தின் வர்க்கத்தை நாலால் பெருக்க வேண்டும். நொடிக்கு 3 மீட்டர் என்றால் 36. பெர்னூலி 1738-இல் திரவங்களைப் பற்றி எழுதிய நூலின் கொடி வழியில் வந்த கணக்கு இது!

வல மேலறையின் அழுத்தத்தையும் கூட்ட வேண்டுமே? “மூக்கை உறிஞ்சுங்கம்மா.” பெரியம்மா சளி பிடித்தவர்போல உறிஞ்சினார். வயிற்றுப் பெருஞ்சிரை அகலமாக இல்லாமல், உறிஞ்சும்போது பாதிக்கு மேல் சுருங்கினால் 3 கூட்டினால் போதும். ஆக 39 மில்லிமீட்டர் பாதரசம்.

நான் ரசித்தது கணக்கை அல்ல, கையை. ஒலிக்கற்றை கசிவின் போக்குக்கு நேராக நிற்காவிட்டால் வேகம் குறைந்தே தெரியும், நோய் ஒளிந்துகொள்ளும். அதனால் அவர் விலா எலும்புகளுக்கிடையே இடம் மாற்றி மாற்றித் தேடினார். கிடைத்த வேகங்களில் மிக அதிகமானதையே எடுத்துக்கொண்டார்.

பெரியம்மாவுக்கு 2.4. பசியாறக் கிளம்பினோம்.