மெமரி ஃபோம் மெத்தை: நம்மூர்ச் சூட்டுக்கு ஒத்துவருமா?

கல்முனையில் தளபாடக் கடையின் ஏசிக் குளிரில் படுத்துப் பார்க்கும்போது மெமரி ஃபோம் மெத்தை ஒரு மாதிரி இருக்கும். அதையே சம்மாந்துறையில், ஃபேன் மட்டும் சுழலும் அறையில் விரித்துப் படுத்தால் இன்னொரு மாதிரி இருக்கும். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. அந்தப் பொருளின் குணமே அதுதான். வாங்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிறவர்கள் இந்த ஒன்றை விளங்கிக்கொண்டால் மீதி எல்லாம் இலகு.

எங்கள் வீட்டில் தும்பு மெத்தையைத் தூக்கி வைத்துவிட்டு மெமரி ஃபோமில் படுக்கத் தொடங்கியது கச்சான் காற்று அடிக்கும் காலத்தில். மாரி முடியும்வரை அதைப் பாவித்தோம். ஏசி உள்ள அறையிலும் போட்டுப் பார்த்தோம், இல்லாத அறையிலும் போட்டுப் பார்த்தோம். நானும் மனைவியும் சின்னவனும் படுத்தோம். நாரி நோவும் முழங்கால் நோவும் உள்ள உம்மாவும் படுத்துப் பார்த்தார். அதில் தெரிந்தவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

உள்ளே இருப்பது என்ன?

மெமரி ஃபோம் வீட்டுக் கட்டிலுக்காகப் பிறந்ததல்ல. 1966இல் நாசாவின் ஏம்ஸ் ஆய்வு நிலையத்துக்காக சார்ல்ஸ் யோஸ்ட் என்ற பொறியியலாளர், விமான இருக்கைகளில் வைப்பதற்கு இதை உருவாக்கினார். மோதல் நடந்தால் அதிர்ச்சியைத் தாங்க வேண்டும், நீண்ட நேரம் உட்கார்ந்தாலும் உடம்பு உறுத்தக் கூடாது என்பது தேவை. பிறகு ஆஸ்பத்திரிக் கட்டில்களுக்கும் சக்கர நாற்காலிகளுக்கும் போனது. சுவீடனின் ஃபகர்டாலா கம்பனி 1990களின் தொடக்கத்தில் டெம்பர் என்ற பெயரில் மெத்தையாக்கி விற்ற பிறகே வீடுகளுக்கு வந்தது.

அடிப்படையில் இதுவும் சோபாவுக்குள் இருக்கும் பொலியூரிதேன் ஃபோம்தான். வித்தியாசம் இளகும் சூட்டில் இருக்கிறது. சாதாரண ஃபோம் இறுக வேண்டுமென்றால் உறைநிலைக்கும் மிகக் கீழே குளிர வேண்டும். மெமரி ஃபோமை, மனிதர் வாழும் அறையின் சூட்டிலேயே இறுக்கத்துக்கும் இளக்கத்துக்கும் நடுவில் நிற்கும்படி செய்திருக்கிறார்கள். அடுப்பிலிருந்து இறக்கிய தொதல் இளகிக் கிடந்து, ஆறியதும் இறுகுவது போன்றது இது. குளிர் நாட்டு அறையில் மெத்தை இறுக்கமாக இருக்கும். உடம்பு பட்ட இடம் மட்டும் அதன் சூட்டில் மெல்ல இளகி, உடம்பின் வளைவுக்கு ஏற்ப அமரும். உடம்பு படாத இடம் இறுக்கமாகவே நின்று தாங்கும். இதுதான் இந்த மெத்தையின் முழு வித்தையும்.

நம்மூர் அறையில் இந்தக் கணக்கு குழம்புகிறது. வைகாசி தொடங்கி ஆவணி வரை பகலெல்லாம் வெயில் குடித்த கொங்கிரீட் தட்டும் ஷீட்டும் இரவில்தான் அந்தச் சூட்டை இறக்குகின்றன. இரவு பத்து மணிக்கும் அறை 30 பாகையை ஒட்டியே நிற்கும். ஆள் படுக்க முன்னரே மெத்தை முழுவதும் இளகிவிட்டது. அதனால் உடம்பு பட்ட இடத்துக்கும் படாத இடத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கனமான இடுப்பு, கடையில் பார்த்ததைவிட ஆழமாக அமிழ்கிறது.

ஸிப்பைத் திறந்தால் தெரியும்

நான் வாங்கியது 8 அங்குல மெத்தை. கடையில் சொன்னது "எட்டு இன்ச் மெமரி ஃபோம்". மேலுறையின் ஸிப்பைக் கொஞ்சம் திறந்து பார்த்தால் மேலே 2 அங்குலத்துக்கு வெளிர் நீல அடுக்கு, அதன் கீழே 6 அங்குலத்துக்கு வெள்ளை அடுக்கு. நீல அடுக்கில் பெருவிரலை அழுத்தி எடுத்தேன். ரேகை படிந்த குழி அப்படியே நின்று, ஓரத்திலிருந்து மெல்ல நிரம்பி, கடைசியில் நடுப்பகுதி மேலே வந்து சமமானது. வெள்ளை அடுக்கு விரலை எடுத்த கையோடு துள்ளி எழும்பிவிட்டது. அது சாதாரண ஃபோம்.

இப்படி அடுக்கி வைப்பது தவறல்ல. 8 அங்குலமும் மெமரி ஃபோமாக இருந்தால் ஆளையே விழுங்கிவிடும். தாங்குவதற்கு அடியில் இறுக்கமான அடுக்கு கட்டாயம் வேண்டும். ஆனால் வாங்குகிறவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். "மொத்தம் எத்தனை அங்குலம்" என்று கேட்பதோடு நிற்காமல் "மெமரி ஃபோம் எத்தனை அங்குலம், அதன் அடர்த்தி எவ்வளவு" என்று கேளுங்கள். இறக்குமதி மெத்தைகள் சிலவற்றில் தீப்பிடிக்காமல் இருக்க உள்ளுறையில் கண்ணாடி இழை வைத்திருப்பார்கள். உறையைக் கழற்ற வேண்டாம் என்று லேபலில் இருந்தால் ஸிப்பில் கை வைக்காதீர்கள். அந்த இழை அறையில் பறந்தால் தோலும் தொண்டையும் அரிக்கும், துப்புரவாக்குவதும் பெரும்பாடு.

படுத்துப் பார்த்ததில்

வலப்பக்கம் சாய்ந்து படுப்பது சுன்னத். சிறு வயதில் இருந்தே அப்படிப் பழகியவர்கள் நம்மில் நிறையப் பேர். பக்கவாட்டில் படுக்கும்போது உடம்பின் பாரம் தோளிலும் இடுப்பு எலும்பிலும் இறங்குகிறது. தும்பு மெத்தையில் அந்த இரண்டு இடமும் உறுத்தும். நடுச்சாமத்தில் கை விறைத்து எழும்புவது எனக்குப் பழகிப்போன ஒன்று. மெமரி ஃபோமில் தோள் உள்ளே இறங்குவதால் நாரிக்கும் கழுத்துக்கும் தாங்கல் கிடைக்கிறது. கை விறைப்பு எனக்கு இல்லாமலே போனது. பக்கவாட்டில் படுக்கிறவர்களுக்கு இந்த மெத்தை தரும் சுகம் உண்மையானது.

குப்புறப் படுக்கிறவர்களுக்கு இது கூடாது. வயிறும் இடுப்பும் அமிழ, நாரி வளைந்து நோகும்.

இரண்டாவது நன்மை அசைவு. சின்னவன் தூக்கத்தில் உருண்டு உதைக்கிறவன். ஸ்பிரிங் மெத்தையில் அவன் புரண்டால் நாங்களும் ஆடுவோம். இதில் அந்த ஆட்டத்தை ஃபோம் விழுங்கிவிடுகிறது. சுபஹுக்கு ஒருவர் எழும்பிப் போனால் மற்றவருக்குத் தெரிவதில்லை.

இனிச் சூடு. ஏசியை 26இல் வைத்த அறையில் மெத்தை சொன்னபடி நடந்தது. ஏசி இல்லாத அறையில், கச்சான் காலத்தில், முதுகு வியர்த்தது. உடம்பு அமிழும்போது அதைச் சுற்றியுள்ள காற்று அடைபடுகிறது. ஃபோம் சூட்டை வெளியே விடாது. வியர்வை ஆவியாகப் போக வழியில்லை. ஃபேன் காற்று மேலே பட்டாலும் முதுகுக்குப் போவதில்லை. ஜெல் கலந்தது குளிரும் என்கிறார்கள். படுத்த புதிதில் குளிர்வது உண்மை. ஜெல் கொஞ்சம் சூட்டை வாங்கிக்கொள்ளும்; உடம்பின் சூட்டுக்கு வந்ததும் அதற்கு மேல் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. மாரியில், மழை விட்டு விட்டுப் பெய்த இரவுகளில், அதே அறையில் அதே மெத்தை நன்றாக இருந்தது.

உம்மாவின் அனுபவம் வேறு. படுத்தவுடன் அவருக்குப் பிடித்துவிட்டது. நாரிக்கு இதம் என்றார். ஆனால் எழும்பும் நேரம் வந்ததும், "எழும்ப ஏலாமக் கிடக்கு மகன்" என்றார். கையை ஊன்றினால் கையும் அமிழ்கிறது. ஓரத்தில் உட்கார்ந்தால் ஓரமும் சரிகிறது. முழங்கால் நோ உள்ளவருக்கு இது சின்ன விஷயமல்ல. தஹஜ்ஜுத்துக்கு இருட்டில் தனியாக எழும்புகிறவர் அவர். இப்போது அவருடைய பழைய தும்பு மெத்தைக்கு மேலே 2 அங்குல மெமரி ஃபோம் விரிப்பை மட்டும் போட்டிருக்கிறோம். தோளுக்கும் இடுப்புக்கும் மெதுமை, கையை ஊன்றினால் அடியில் உறுதி. அவருக்கு இதுதான் சரியாக வந்தது.

நாரி நோவுக்கு எது நல்லது?

நாரி நோவென்றால் பலகையிலோ தரையிலோ பாயை விரித்துப் படு என்பது நம்மூரில் கேட்டுக் கேட்டுப் பழகிய வைத்தியம். வட்டைக்குள் குனிந்தே வேலை செய்கிறவர்களும் மூட்டை தூக்குகிறவர்களும் இதையே நம்பி வந்திருக்கிறார்கள். ஸ்பெயினில் நாட்பட்ட நாரி நோவுள்ள 313 பேரை வைத்து கோவாக்ஸும் அவரது குழுவும் செய்த ஆய்வு 2003இல் லான்செட் இதழில் வெளிவந்தது. கடும் இறுக்கமான மெத்தையில் படுத்தவர்களைவிட, நடுத்தர இறுக்கமான மெத்தையில் படுத்தவர்களுக்கே 90 நாட்களின் பின் நோ கூடுதலாகக் குறைந்திருந்தது. மெத்தை கல்லாகவும் இருக்கக் கூடாது, சேறாகவும் இருக்கக் கூடாது. சூட்டில் முழுவதும் இளகிவிட்ட தடித்த மெமரி ஃபோம் இந்த நடுத்தரத்தைத் தாண்டிவிடும் என்பதுதான் நம்மூர்க்காரர் கவனிக்க வேண்டியது.

படுக்கையில் கிடக்கும் நோயாளிக்கு நல்ல ஃபோம் மெத்தை படுக்கைப் புண் வரும் ஆபத்தைக் குறைக்கும். ஆனாலும் நேரத்துக்கு நேரம் ஆளைப் புரட்டிப் படுக்க வைப்பதை நிறுத்தக் கூடாது. கைக்குழந்தையை ஒருபோதும் இதில் போடாதீர்கள். குழந்தை குப்புறப் புரண்டால் மூக்கும் வாயும் அமிழ்ந்து மூச்சு அடைபடலாம். அதற்கு இறுக்கமான சமதளம்தான் வேண்டும்.

நிறுத்துப் பார்த்து வாங்குங்கள்

மெமரி ஃபோமின் தரத்தைக் கண்ணால் மதிக்க முடியாது, பாரத்தால் மதிக்கலாம். நல்லதென்றால் ஒரு கன மீற்றர் 50 முதல் 80 கிலோ வரை இருக்கும். அதற்குக் குறைந்தது சீக்கிரம் குழி விழுந்து எழும்பாமல் போகும். 72க்கு 60 அளவில் 2 அங்குல விரிப்பு என்றால் கணக்கு இப்படி: அடர்த்தி 50 என்றால் சுமார் 7 கிலோ, 64 என்றால் 9 கிலோ, 80 என்றால் 11 கிலோவுக்கு மேல். நெல் நிறுக்கும் தராசு நம்மூரில் எங்கும் இருக்கிறது. உறையைக் கழற்றி நிறுத்து, 6 கிலோவும் வராவிட்டால் திருப்பிக் கொடுங்கள். முழு மெத்தையில் இப்படி நிறுக்க முடியாது. அடர்த்தியைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

பராமரிப்பில் மாற்ற வேண்டிய பழக்கங்கள்

பஞ்சு மெத்தையையும் தும்பு மெத்தையையும் முற்றத்து வெயிலில் போட்டுத் தட்டி எடுப்போம். ஃபோமை அப்படிப் போட்டால் வெயிலில் மஞ்சளித்து, நாளடைவில் பொடிப்பொடியாய் உதிரும். நிழலில், காற்றோட்டமான இடத்தில் நிமிர்த்தி வைத்தால் போதும். சுருட்டி வந்த மெத்தையைப் பிரித்ததும் இரசாயன மணம் வரும். ஜன்னல்களைத் திறந்துவிட்டு, அது போன பிறகு படுங்கள்.

மாரியில் தரையில் விரித்தால் அடியில் ஈரம் கட்டிப் பூஞ்சணம் பிடிக்கும். கட்டில் பலகைகளுக்கு இடையே காற்றுப் போக இடைவெளி வேண்டும், ஆனால் 3 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ஃபோம் இடுக்கில் இறங்கும். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் தண்ணீர் புகாத மெல்லிய துணி உறை கட்டாயம். நனைந்த மெமரி ஃபோமைப் பிழியவும் முடியாது, சுலபத்தில் உலர்த்தவும் முடியாது. 2024 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்த நமக்கு இது நினைவிருக்க வேண்டும்: தண்ணீர் ஏறும் என்றால் முதலில் உயரத்தில் ஏற்ற வேண்டிய சாமான்களில் இதுவும் ஒன்று.

கடையிலிருந்து வந்த பொலித்தீனை அழுக்குப் படாமல் இருக்கட்டும் என்று கழற்றாமலே படுக்கும் வீடுகள் நிறைய. மெமரி ஃபோமில் அது பெரிய கெடுதி. சூடும் வியர்வையும் முழுவதுமாக உள்ளே அடைபடும்.

பெண் வீட்டாரே வீடும் தளபாடமும் கொடுக்கும் நம்மூர் வழக்கத்தில் மெத்தையின் தடிப்பும் ஒரு கௌரவமாகிவிட்டது. ஈச்ச நார் திணித்த தோல் விரிப்பிலும் பாயிலும் படுத்தவர்கள் நபி (ஸல்) அவர்கள். 12 அங்குல மெத்தைக்காக ஒரு வாப்பா கடன்படுவதை நினைத்தால் மனம் நோகிறது. நல்ல தூக்கத்துக்கு அந்தத் தடிப்புத் தேவையே இல்லை என்பதை மாப்பிள்ளை வீட்டார் முதலில் சொல்ல வேண்டும்.

வேறு வழி உண்டா?

ஏசி இல்லாதவர்களுக்கு நான் சொல்வது இறப்பர்பால் மெத்தை, அதாவது லேடெக்ஸ். 1876இல் ஹெனரத்கொடை பூங்காவில் நாட்டிய கன்றுகளில் தொடங்கிய இறப்பர் நம் நாட்டில் மெத்தையாகி வெளிநாடுகளுக்கும் போகிறது. ஆர்பிகோ போன்ற உள்நாட்டுப் பெயர்களில் இங்கேயும் கிடைக்கிறது. லேடெக்ஸ் நம்மூர்ச் சூட்டில் இப்படி இளகாது. அழுத்திய கை எடுத்தால் உடனே எழும்பும். உள்ளே ஊசித் துளைகள் இருப்பதால் காற்றுப் போகும். புரண்டு படுப்பதும் எழும்புவதும் சுலபம். பாரம் அதிகம், விலையும் அதிகம். ஆனால் நீண்ட காலம் உழைக்கும்.

என் முடிவு

இரவு முழுக்க ஏசி போடும் அறை, பக்கவாட்டில் படுக்கும் பழக்கம், தோள் அல்லது இடுப்பு உறுத்தல் ஆகிய மூன்றும் பொருந்தினால் 2 முதல் 3 அங்குல மெமரி ஃபோம் மேலடுக்குள்ள மெத்தைக்குத் தயங்காமல் மாறலாம். ஃபேன் மட்டும் உள்ள அறை, பாரமான உடம்பு, அதிகம் வியர்க்கும் ஆள் என்றால் வேண்டாம். லேடெக்ஸுக்குக் காசு சேர்க்கும்வரை நல்ல தும்பு மெத்தையே மேல். இரண்டுக்கும் நடுவில் நிற்கிறவர்கள் முழு மெத்தையில் காசைப் போடாமல், இருக்கும் மெத்தைக்கு மேலே 2 அங்குல விரிப்பை வாங்குங்கள். வாங்குவதைக் கச்சான் காலத்தில் வாங்குங்கள். அந்தச் சூட்டில் நிம்மதியாகத் தூங்க முடிந்தால் வருடம் முழுக்கத் தூங்கலாம். முடியாவிட்டால், மாரி வரும்வரை சுருட்டி வைக்கலாம்; முழு மெத்தையில் அதற்கு வழியில்லை.