மெருகிட்ட கடிதங்கள்

ஹைதர் அலிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பங்காருபேட்டைக்குப் பக்கத்துப் பூதிக்கோட்டையில் பிறந்து மைசூரையே கையில் எடுத்துக்கொண்டவர், தன் பெயரின் முதல் எழுத்தை மட்டும் போடப் பழகியிருந்தார். அதையும் தலைகீழாகத்தான் போடுவார் என்று சொல்வார்கள். வந்த கடிதத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்பார், பதிலை வாயால் சொல்வார், மீதி எழுத்தரான முன்ஷியின் பாடு.

மகன் திப்பு நேர் எதிர். எழுதாமல் அவருக்கு ஒரு பொழுதும் போகாது. கோட்டைக்குச் சுண்ணாம்பு, பட்டாளத்துக்குச் சம்பளம், மஸ்கட்டில் இருக்கும் குமாஸ்தாவுக்குப் பட்டுப்பூச்சி விவரம் என்று எதற்கும் ஒரு கடிதம் உண்டு. வங்காளத்துக்குப் போய்ப் பட்டுப்பூச்சி கொண்டுவர அனுப்பிய இரண்டு பேர் திரும்பி வருகிறார்கள், பூச்சிகளை எங்கே வைத்து வளர்ப்பது என்று ஏற்பாடு செய் என ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கோட்டைத் தலைவரான கில்லேதாருக்கு ஒரு கடிதம் போயிருக்கிறது. இன்று கோலார்ச் சீமையில் மல்பெரித் தோட்டங்களைப் பார்க்கிறவர்கள் அந்த ஒற்றைக் கடிதத்தை நினைத்துக்கொள்ளலாம்.

அப்பா, மகன் இருவர் காலத்திலும் அரசாங்கக் கடிதம் பாரசீகத்தில்தான் போகும். கணக்கு கன்னடத்திலும் மராத்தியிலும் நடக்கும். இன்னொரு அரசருடன் பேச வேண்டுமென்றால் பாரசீகம். அதை எழுதுவதைத் தனிக் கலையாகவே வைத்திருந்தார்கள். அதற்கு இன்ஷா என்று பெயர். அபுல் ஃபஸலின் கடிதங்களையும் அவுரங்கசீப்பின் கடிதங்களையும் பாடமாக வைத்துப் படித்தார்கள். ஹர்கரண் எழுதிய மாதிரிக் கடிதப் புத்தகத்தை 1781-ல் பிரான்சிஸ் பால்ஃபர் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் கல்கத்தாவில் மூலமும் ஆங்கிலமுமாக அச்சிட்டார். ஹர்கரண் ஓர் இந்து. பாரசீக முன்ஷிகளில் பலர் இந்துக்களாக இருந்த காலம் அது.

இப்படிப்பட்ட பாரசீகக் கடிதத்தை வாசிப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டும். தாளுக்குப் பசை பூசி, அகேட் கல்லால் தேய்த்து, கண்ணாடி மாதிரி வழுக்கும்வரை மெருகேற்றுவார்கள். பெரிய இடத்துக்குப் போகிற கடிதம் என்றால் அதன்மேல் தங்கத் தூள் தூவியிருக்கும். எழுதுகோல் நாணல். அதன் முனையைச் சாய்வாக நறுக்குவதிலேயே பாதிக் கையெழுத்து அடங்கிவிடும். என்னைக் கேட்டால் இதில் மிக அழகானது எழுதாமல் விட்ட இடம். தாளின் மேல்பகுதியைத் தாராளமாக வெறுமனே விட்டுவிட்டு, கீழே இறங்கித்தான் முதல் வரி தொடங்கும். வலப்பக்கமும் அகலமாக ஓரம் விடுவார்கள். வரி இடதுபுறம் போகப் போக மெல்ல மேலேறும். இடம் போதாமல் போனால் அந்த ஓரத்தில் சாய்வாக ஏறி எழுதுவார்கள். பெற்றுக்கொள்பவர் எவ்வளவு பெரியவரோ அவ்வளவு வெற்றிடம். தாளைச் சிக்கனம் பிடிக்கிறவனுக்கு இந்தக் கலை சரிப்படாது.

முத்திரை விழும் இடத்துக்கும் கணக்கு உண்டு. மேலிருந்து கீழே இருப்பவருக்கு எழுதினால் முத்திரை முகப்பில் விழும். கீழிருந்து மேலே போகும் விண்ணப்பத்தில் சின்ன முத்திரையாகப் பின்பக்கம் ஒதுங்கிக்கொள்ளும். பிறகு தாளை நீளவாக்கில் மடித்து, மஸ்லின் பைக்குள் வைத்து, அதைச் சரிகைக் கிம்காப் பைக்குள் வைத்து, வாயைப் பட்டுக் கயிற்றால் கட்டி, கயிற்றில் அரக்கு முத்திரை தொங்கவிடுவார்கள். கரீத்தா என்பது அந்தப் பையின் பெயர். நாளடைவில் உள்ளே இருக்கும் கடிதத்துக்கும் அதே பெயராகிவிட்டது.

முதல் வரிகளில் விஷயமே இருக்காது. பெறுபவரின் பட்டங்களும் அவர் நீடூழி வாழ வேண்டும் என்ற பிரார்த்தனையும்தான். நம் கல்யாணப் பத்திரிகையில் பெயருக்கு முன்னால் எந்தப் பட்டத்தைப் போடுவது, யார் பெயரை முதலில் போடுவது என்று இரண்டு வீடும் முறைத்துக்கொள்ளும் அல்லவா, ராஜ்யங்களும் அப்படித்தான் முறைத்துக்கொண்டன. 1787-ல் மராத்தியர்களும் திப்புவும் கஜேந்திரகட்டில் சமாதானம் செய்துகொண்டபோது, ஊர்களும் கப்பமும் போக, இனிமேல் கடிதத்தில் திப்புவை நவாப் திப்பு சுல்தான் பதே அலி கான் என்று விளிக்க வேண்டும் என்பதும் பேச்சில் இருந்தது.

திப்புவின் கடிதத்தை மற்றவர்களுடையதிலிருந்து பிரித்துக் காட்டும் அடையாளங்கள் உண்டு. உச்சியில் நபியே எஜமானர் என்று பொருள்படும் இரண்டு சொற்களைக் கொடிபோலப் பின்னித் தன் கையால் போடுவார். தேதி யாருக்கும் பழக்கமில்லாத தேதி. மாதங்களுக்கு அஹ்மதி, பஹாரி, ஹைதரி என்று புதுப் பெயர் வைத்தார், ஆண்டுக் கணக்கையும் மாற்றினார், எண்களை வலமிருந்து இடமாக எழுத வைத்தார். பெற்றவர் நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று பார்ப்பதற்கு முன் எந்த நாள் என்று கண்டுபிடிக்கவே கொஞ்சம் திண்டாட வேண்டியிருந்திருக்கும்.

1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபோது இந்தக் கடிதங்களின் நகல் பதிவேடுகள் கம்பெனியிடம் சிக்கின. வில்லியம் கர்க்பாட்ரிக் அவற்றிலிருந்து 400-க்கும் மேற்பட்ட கடிதங்களைத் தேர்ந்து, ஆங்கிலத்தில் பெயர்த்து 1811-ல் லண்டனில் வெளியிட்டார். சுல்தானின் குரூரத்தைக் காட்டவே தேர்ந்தெடுத்தார்; அதை அவர் மறைக்கவும் இல்லை. கடிதத்துக்குக் கடிதம் கீழே அவருடைய குறிப்பு நின்று சிடுசிடுக்கும். ஆனாலும் கெட்டிக்காரர். எரிச்சலோடு மொழிபெயர்த்தாலும் மூலத்தின் குரல் தப்பி வந்துவிட்டது. புனே தர்பாரில் இருந்த தூதர்கள் முகமது கியாஸுக்கும் நூர் முகமது கானுக்கும் 1785-ல் போன கடிதங்களைப் படித்தால் தெரியும். கம்பெனியுடனான மங்களூர்ச் சமாதானம் முடிந்து அப்போது ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. நர்குந்து பாளையக்காரர் விஷயத்தில் மராத்தியர்கள் தலையிடுகிறார்கள். ஒரு சின்ன ஜமீந்தாரைக்கூட நாம் தண்டிக்க முடியாது என்றால் நம் ஆட்சி என்ன ஆட்சி என்று தூதர்கள் கேட்க வேண்டும். ஆனால் தேனொழுகக் கேட்க வேண்டும். எஜமானரின் கோபத்தைக் கையில் வாங்கிக்கொண்டு எதிராளியின் தர்பாரில் அதைச் சர்க்கரையாக விற்க வேண்டிய பிழைப்பு.

எங்கள் ஊருக்கும் இந்த விஷயத்துக்கும் இன்னொரு தொடர்பும் இருக்கிறது. பங்காருபேட்டை முன்பு பவ்ரிங்பேட்டை. 1862 முதல் 1870 வரை மைசூரின் கமிஷனராக இருந்த லூவின் பவ்ரிங்கின் பெயர் அது. அவர்தான் ஓய்வுபெற்றபின் 1893-ல் ஹைதரையும் திப்புவையும் பற்றிப் புத்தகம் எழுதியவர். மாரிக்குப்பம் ரயிலுக்கு நிற்கிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று சொல்ல முடியாது.

நான் மிகவும் ரசிக்கும் கடிதங்கள் 1792-க்குப் பிறகு சென்னைக்கும் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கும் இடையே போய் வந்தவை. கம்பெனியிடம் போரில் தோற்று, அந்த மார்ச் மாதச் சமாதானத்தில் திப்பு பாதி ராஜ்யத்தை இழந்தார். மூன்று கோடியே முப்பது லட்சம் ரூபாய் தர ஒப்புக்கொண்டார். பணம் தீரும்வரை பிணையாக இரண்டு பிள்ளைகளைக் கொடுத்தார்: அப்துல் காலிக்குக்குச் சுமார் பத்து வயது, முயிசுத்தீனுக்கு எட்டு. கோலார் திப்புவிடமே நின்றது. தெற்கே பாராமகால் கம்பெனிக்குப் போயிற்று. எங்கள் ஊரிலிருந்து கிருஷ்ணகிரிப் பக்கம் இறங்கினால் வேறு ராஜ்யம் என்றாகிவிட்டது.

சமாதானம் முடிவதற்கு முன்பே, பிப்ரவரி 26-ம் தேதி, பிள்ளைகளைக் கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸின் கூடாரத்துக்கு அழைத்துப் போய் ஒப்படைத்தவர் திப்புவின் வக்கீல் குலாம் அலி கான். வக்கீல் என்றால் இங்கே கறுப்புக் கோட்டுக்காரர் இல்லை. ராஜாவுக்காக அயல் தர்பாரில் உட்கார்ந்திருப்பவர். இன்று காலைவரை இவர்கள் என் எஜமானரின் பிள்ளைகள், இனி இவர்களுக்குத் தகப்பன் நீங்கள்தான் என்ற பொருளில் அவர் பேசினார். தோற்றவன் வாயிலிருந்து வருகிற பேச்சா இது? வென்றவனைப் பொறுப்பாளியாக்கிவிட்டு உட்காருகிற பேச்சு. கார்ன்வாலிஸ் இளகிப்போய்ப் பிள்ளைகள் இருவருக்கும் ஆளுக்கொரு தங்கக் கடிகாரம் கொடுத்தார்.

பிள்ளைகளுடன் குலாம் அலி கானும் அலி ரஸா கானும் சென்னைக்கு வந்து 1794 வரை இருந்தார்கள். சேப்பாக்கத்தில் ஆற்காட்டு நவாப் வாலாஜா முகமது அலி இருந்தார். திப்புவின் குடும்பத்துக்குப் பரம்பரை விரோதி, கம்பெனியின் பழைய சிநேகிதர், கழுத்துவரை கடன். அந்த மனிதர் பிணைப் பிள்ளைகளைப் பார்க்க வந்தார், விருந்து வைத்தார், அன்பாகப் பேசினார். வக்கீல்கள் அத்தனையையும் எஜமானருக்கு எழுதினார்கள். நவாப் உங்களை மார்க்கத்தின் தூண் என்கிறார், உங்களுக்காகத் தொழுகிறார் என்று எழுதினார்கள். திப்புவும் அதே பாணியில் பதில் எழுதினார். இரு தரப்பும் சேர்ந்து இன்ஷாவின் ராகத்தை விஸ்தாரமாகப் பாடின.

இவற்றோடு ஒரு சங்கேதப் பட்டியலும் திப்புவின் கடிதப் பெட்டியில் இருந்தது. அதில் வாலாஜாவுக்கு மனித குலத்தின் நண்பர் என்று பெயர். ஆங்கிலேயர்கள் புதிதாய் வந்தவர்கள். ஹைதராபாத் நிஜாமுக்கு ஒன்றுமில்லாதது, மராத்தியர்களுக்கு வெறும் சக்கை என்பது போன்ற பெயர்கள். மறைப்பதற்கு வைத்த பெயரிலும் நிஜாமைச் சீண்டாமல் இருக்க முடியவில்லை. இந்தக் குறும்பு எனக்குப் பிடிக்கும். பிடிபட்டால் தலை போகும் என்று நினைத்தவன் இப்படிப் பெயர் வைப்பானா என்றும் தோன்றும்.

புகழ்ச்சியை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது தமிழனுக்குப் புதிதில்லை. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவை, அவன் படைக்கலக் கொட்டிலைப் பார்த்துவிட்டு என்ன சொன்னாள்? உன் ஆயுதங்கள் நெய் பூசி மாலை சூட்டிப் பளபளக்கின்றன, எங்கள் தலைவனுடையவை முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றாள். புறநானூற்றின் 95-ம் பாட்டு அது. கேட்டவனுக்குப் புரிந்திருக்கும். அதியமானின் தகடூர்தான் இன்றைய தருமபுரி, 1792-ல் கம்பெனிக்குப் போன பாராமகாலில் ஒரு பகுதி. இந்த மண்ணில் தூதுப் பேச்சின் நெளிவுசுளிவு அறியாதவன் யார்?

ஆனால் 1799-க்குப் பிறகு அந்தப் பெட்டியைத் திறந்தவர்கள் வேறு மாதிரி வாசித்தார்கள். பாரசீக மொழிபெயர்ப்பாளர் நீல் பெஞ்சமின் எட்மன்ஸ்டன் ஒவ்வொரு மரியாதைச் சொல்லுக்கும் அடியில் ஒரு சதியைத் தோண்டி எடுத்தார். மார்க்கத்தின் தூண் என்றால் மத அடிப்படையில் கூட்டணி. பிரார்த்தனை என்றால் துரோகம். சங்கேதப் பெயர் இருக்கிறதே, அது போதாதா? வாலாஜாவின் மகன் உம்தத்துல் உமரா, குலாம் ஹுசைன் என்ற பொய்ப் பெயரில் எழுதியதாக ஒரு கடிதமும் சேர்ந்தது. எட்மன்ஸ்டனுக்குப் பாரசீகம் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. அன்றைய கம்பெனியில் அவரைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் மிகச் சிலர். இன்ஷாவில் தூண் என்றால் எவ்வளவு கனம், தொழுகை என்றால் எவ்வளவு மெய் என்று அவருக்கு அத்துபடி. கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லிக்கு ஆற்காட்டு நவாபின் கர்நாடகச் சீமை வேண்டியிருந்தது. வாசிப்பு அதற்குத் தோதாக அமைந்தது. ரசிக்கத் தெரியாதவன் தப்பாக வாசித்தால் பரிதாபப்படலாம். ரசிக்கத் தெரிந்தவன் தெரியாதது போல் வாசிப்பதற்கு என்ன சொல்வது?

1801 ஜூலையில் உம்தத்துல் உமரா இறந்தார். கம்பெனி அதிகாரிகள் ஜோசையா வெப்பும் பேரி குளோஸும் மகன் அலி ஹுசைனிடம் நிபந்தனைகளை நீட்டினார்கள், அவர் மறுத்தார். அவருடைய உறவினர் அஸீமுத் தௌலா ஒப்புக்கொண்டார். மாதக் கடைசியில் ஒப்பந்தமும் ஆயிற்று. நெல்லூரிலிருந்து திருநெல்வேலிவரை நிர்வாகம் கம்பெனிக்கு, நவாபுக்கு வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு. தமிழ்நாட்டின் பெரும்பகுதி கை மாறியதற்குச் சொல்லப்பட்ட காரணம் இந்தக் கடிதக் கட்டுதான். பின்னாளில் கம்பெனியிலேயே வேலைக்குச் சேர்ந்த ஜேம்ஸ் மில்கூடத் தன் இந்திய வரலாற்றில் இந்தச் சாட்சியத்தைப் புரட்டிப் பார்த்து, இதில் குற்றம் எங்கே என்று கேட்டார்.

வெப்பும் குளோஸும் அந்த இரண்டு வக்கீல்களையும் விசாரிக்காமல் இல்லை. அவர்கள் சொன்னதைத்தான் நான் இந்தக் கலைக்கு எழுதப்பட்ட மிகச் சிறந்த உரையாக வைத்திருக்கிறேன். நவாப் சொன்ன அன்பான வார்த்தைகளைத் தாங்கள் கொஞ்சம் தூக்கி எழுதியது உண்மை. சுல்தான் சந்தோஷப்படுவார் என்பதற்காக அப்படி எழுதுவதுதான் வழக்கம். கார்ன்வாலிஸ் பிரபு சொன்னவற்றையும் அப்படித்தான் தூக்கி எழுதினோம் என்றார்கள். ஆக, அதே கட்டில், அதே கையெழுத்தில், கவர்னர் ஜெனரலும் திப்புமேல் அன்பைப் பொழிந்துகொண்டிருந்தார். அவர்மேல் யாரும் குற்றப்பத்திரிகை படிக்கவில்லை. 1805-ல் மறுபடியும் கவர்னர் ஜெனரலாகவே இந்தியாவுக்கு வந்தார்.