மறுமுனையில் நிற்பவரை ஏன் மாற்றுகிறார்கள்?

அமெரிக்காவின் ‘லா அண்ட் ஆர்டர்’ தொடர் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்கும். நியூயார்க் தெருவில் யாரோ இரண்டு பேர் வீட்டுக் கவலையைப் பேசிக்கொண்டு வருவார்கள். வழியில் ஒரு பிணம் கிடக்கும். அடுத்த காட்சியில் துப்பறியும் போலீஸ்காரர்கள் இருவர் வந்து நிற்பார்கள். விவரம் கேட்டுக்கொண்டு மூத்தவர் ஒரு வரி சொல்வார். உடனே டைட்டில். அந்த ஒரு வரிக்காகவே ஜெர்ரி ஆர்பாக்கைப் பார்க்கலாம். அவர் அதை ஜோக்காகச் சொல்ல மாட்டார். முகத்தில் சிரிப்பு வராது, குரல் ஏறாது, பக்கத்தில் இருப்பவர் சிரித்தாரா என்றும் பார்க்க மாட்டார். வரி முடிவதற்குள் உடம்பு பாதி திரும்பியிருக்கும். அலுப்புதான் நமக்கு முதலில் தெரியும். அதிலிருந்த குத்தல் ஒரு நொடி கழித்துத்தான் உறைக்கும்.

இவ்வளவு கச்சிதமாகப் பொருந்திய ஆர்பாக், அந்த இடத்துக்கு வந்த மூன்றாவது ஆள். 1990-ல் தொடர் ஆரம்பமானபோது மூத்த துப்பறிவாளராக நடித்தவர் ஜார்ஜ் சுண்ட்ஸா. தன்னைச் சுற்றித்தான் கதை நகரும் என்று நம்பி வந்தவருக்கு, எல்லோரும் பங்குபோட்டுக்கொள்ளும் தொடர் இது என்று தெரிந்ததும் ஏமாற்றம். போதாக்குறைக்கு வீடு லாஸ் ஏஞ்சலீஸில், படப்பிடிப்பு நியூயார்க்கில். ஒரு சீசனோடு கிளம்பிவிட்டார். இரண்டாவது சீசனின் முதல் எபிசோடிலேயே அவர் பாத்திரத்தைச் சுட்டுக் கொன்றார்கள். அடுத்து வந்த பால் சொர்வினோ ஆபரா பாடுபவர். குளிர்காலத்தில் நியூயார்க் தெருக்களில் மணிக்கணக்கில் நின்று வசனம் பேசினால் தொண்டை என்னத்துக்கு ஆகும் என்ற பயம் அவருக்கு. அவர் பாத்திரத்தைக் கொல்லவில்லை. குண்டடி பட்டு, பிழைத்து, வேறொரு ஸ்டேஷனில் மேசை வேலைக்குப் போவதாகக் கதையை முடித்தார்கள். 1992-ன் கடைசியில் ஆர்பாக் லென்னி பிரிஸ்கோவாக உள்ளே வந்தார்.

இதில் யாரும் மோசமாக நடித்ததற்காக வெளியேறவில்லை என்பதுதான் முக்கியம். துணைப் பாத்திரத்தில் ஆள் மாறினால் ‘சரியாகப் பண்ணவில்லை போல’ என்று நாம் முடிவுகட்டிவிடுகிறோம். பழைய க்ரைம் தொடர்களை வரிசையாகப் பார்த்தால் அது அபூர்வம். வீட்டுத் தூரம், தொண்டை, சம்பளம், சேனல் முதலாளியின் கணக்கு, மரணம் என்று காரணங்கள் நடிப்புக்கு வெளியேதான் இருக்கின்றன. ‘டிராக்நெட்’ 1951 டிசம்பரில் தொலைக்காட்சிக்கு வந்த அதே வாரத்தில், நாயகன் ஜாக் வெப்பின் கூட்டாளியாக நடித்த பார்ட்டன் யார்பரோ மாரடைப்பில் இறந்துபோனார்.

இந்தத் தொடர்களில் ஆளை மாற்றுவது சுலபமாக இருப்பதற்கு அமைப்பிலேயே வழி இருக்கிறது. வாரம் ஒரு கொலை, வாரம் ஒரு தீர்ப்பு. போலீஸ்காரரின் மனைவி, கடன், காதல் எதுவும் கதையைத் தாங்குவதில்லை. எனவே ஆள் போனாலும் கதை நிற்காது. ஆனால் அந்த இடத்துக்கு என்று ஒரு வேலை இருக்கிறது. கிரிக்கெட்டில் மறுமுனை ஆட்டக்காரர் ஒற்றை ரன் ஓடி ஸ்ட்ரைக்கை மாற்றிக் கொடுப்பது மாதிரியான வேலை. பார்வையாளர் கேட்க நினைப்பதைக் கேட்க வேண்டும், தகவலைப் பாடமாக ஒப்பிக்காமல் தள்ளிவிட வேண்டும், கூட வருபவரோடு லேசாக உரச வேண்டும்.

அந்த உரசல் தேய்ந்துபோனால் என்ன நடக்கும் என்பதற்கு 1995 சாட்சி. ‘லா அண்ட் ஆர்டர்’ தொடரில் முதல் சீசனிலிருந்தே இளைய துப்பறிவாளராக இருந்த கிறிஸ் நாத்தின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. சம்பளமும் ஒரு காரணம். ஆனால் தயாரிப்பாளர் டிக் வுல்ஃப் தரப்பில் இன்னொன்றும் சொல்லப்பட்டது: நாத்தின் லோகனும் ஆர்பாக்கின் பிரிஸ்கோவும் ஒரே அச்சாக ஆகிவிட்டார்கள். அந்தக் காலத்து எபிசோடுகளை இப்போது பார்த்தாலும் புரியும். இருவருமே தெருவில் அடிபட்டவர்கள், இருவருமே குத்தலாகப் பேசுபவர்கள். ஒருவர் வரியை இன்னொருவர் சொன்னாலும் வித்தியாசம் தெரியாது. ரசிக்க நன்றாக இருந்தது, காட்சி நகரவில்லை. பதிலுக்கு வந்த பெஞ்சமின் பிராட்டின் ரே கர்ட்டிஸ் பக்திமான், குடும்பஸ்தர், கம்ப்யூட்டர் தெரிந்தவர். குடித்துக் கெட்டுத் திருந்தி, இரண்டு விவாகரத்து பார்த்த பிரிஸ்கோ பக்கத்தில் அவரை நிறுத்தியதும் பழைய வரிகளுக்கே புது எதிர்வினை கிடைத்தது. பிராட் தனியாகப் பார்த்தால் நாத்தை விடச் சிறந்த நடிகர் இல்லை. ஆர்பாக்கை இன்னும் நன்றாக நடிக்க வைத்தார், அவ்வளவுதான்.

1993 மாற்றத்தில் எனக்கு இவ்வளவு நிம்மதி இல்லை. தொடரில் எல்லோரும் ஆண்கள், பெண்கள் பார்க்க மாட்டார்கள், பெண் பாத்திரங்களைச் சேர்க்காவிட்டால் தொடரையே நிறுத்துவோம் என்று ஒளிபரப்பிய சேனலான என்பிசி சொல்லிவிட்டது. கேப்டனாக நடித்த டான் ஃப்ளோரெக்கும், உதவி அரசு வழக்கறிஞராக நடித்த ரிச்சர்ட் புரூக்ஸும் போனார்கள். எபாதா மெர்க்கர்சனும் ஜில் ஹென்னசியும் வந்தார்கள். மெர்க்கர்சன் 2010 வரை அசையவில்லை. மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தபடி ஒரு பார்வையில் இரண்டு ஆண் போலீஸ்காரர்களை வாயடைக்க வைப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஆனாலும் புரூக்ஸை இழந்தது நஷ்டம்தான். நியூயார்க் நீதிமன்றத்தில் கறுப்பின அரசு வழக்கறிஞர் ஒருவர் நிற்பதில் இருக்கும் இழுபறியை அவர் சத்தமில்லாமல் நடித்துக் காட்டினார். 1996-ல் ஒரு எபிசோடில் எதிர்த்தரப்பு வழக்கறிஞராகத் திரும்பி வந்தபோது, பழைய இடத்தில் அவருக்கு இன்னும் எவ்வளவு வேலை மிச்சமிருந்தது என்று தெரிந்தது.

சேனல் மனது வைத்தால் வெளியேற்றலாம். மக்கள் மனது வைத்தால் திரும்பவும் கொண்டுவரலாம், எப்போதாவது. ‘பெரி மேசன்’ தொடரில் வாராவாரம் தோற்கும் அரசு வழக்கறிஞர் ஹாமில்டன் பர்கராக நடித்தவர் வில்லியம் டால்மன். 1960-ல் ஒரு தனியார் விருந்தில் போலீஸ் சோதனை நடந்து அவரும் கைதானார். சிபிஎஸ் ஒழுக்க விதியைக் காட்டி வேலையை விட்டு நீக்கியது. வழக்கு தள்ளுபடியான பிறகும் மனம் இறங்கவில்லை. நாயகன் ரேமண்ட் பர், கதாசிரியர் கார்ட்னர், கடிதம் எழுதிக் குவித்த ரசிகர்கள் எல்லோரும் சேர்ந்து நெருக்கியதில் அந்த வருடக் கடைசியிலேயே திரும்ப வந்தார். தோற்கும்போதும் தலைநிமிர்ந்து தோற்கத் தெரிந்த ஒருவர் எதிரில் இல்லாவிட்டால் மேசனின் வெற்றிக்கு ருசியே கிடையாது.

இதுவரை சொன்ன அமெரிக்க மாற்றங்களில் ஆளோடு பாத்திரத்தின் பெயரும் மாறியது. பெயரை வைத்துக்கொண்டு முகத்தை மட்டும் மாற்றுவது இன்னும் ஆபத்து. ‘இனி இவருக்குப் பதில் இவர்’ என்ற அட்டையை நம் மெகா சீரியல்களில் பார்த்துப் பழகிய நமக்கு அது பெரிய விஷயமாகத் தெரியாமல் போகலாம். பிரிட்டனின் கிரனாடா நிறுவனம் ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளை எடுத்தபோது அதைச் செய்தது. 1984, 85-ல் ஜெரமி பிரெட்டின் ஹோம்ஸுக்கு வாட்சனாக இருந்தவர் டேவிட் பர்க். சிறு மகனோடும் மனைவியோடும் இருக்க விரும்பி, ராயல் ஷேக்ஸ்பியர் நாடகக் குழுவுக்குப் போய்விட்டார். தனக்குப் பதில் எட்வர்ட் ஹார்ட்விக் என்று பெயர் சொன்னவரும் அவரேதான். ஹோம்ஸ் அருவியில் விழுந்து செத்ததாக நம்பப்படும் மூன்று வருட இடைவெளி, மூலக்கதையை எழுதிய டாயிலின் கதையிலேயே இருக்கிறது. மாற்றம் சரியாக அங்கே விழுந்தது.

இரண்டு வாட்சனையும் அடுத்தடுத்துப் பாருங்கள். பர்க்கின் முகத்தில் எல்லாம் உடனே தெரியும். ஹோம்ஸ் ஒரு புதிரை அவிழ்த்தால் கண் விரியும். மட்டம் தட்டினால் சுருக்கென்று கோபம் வரும். வாட்சன் என்றால் மந்தபுத்தி என்று 1940-களின் ஹாலிவுட் படங்களில் நைஜல் புரூஸ் விட்டுப்போன பிம்பத்தை உடைத்தவர் அவர். ஹார்ட்விக் அதில் எதையும் தொடவில்லை. கொஞ்சம் வயது கூடியவராக, நண்பனின் கிறுக்குகளைப் பொறுத்துப் பழகியவராக நின்றார். ‘தி எம்ப்டி ஹவுஸ்’ கதையில் ஹோம்ஸ் வேஷம் கலைத்து எதிரில் நிற்க, வாட்சன் மயங்கி விழும் காட்சியில் அந்த மூன்று வருட துக்கத்தை நம்மால் நம்ப முடிகிறது. பிரெட்டின் உடல்நிலை சரியத் தொடங்கிய பின் ஹார்ட்விக்கின் நிதானம் தொடருக்கே ஊன்றுகோல் ஆனது. என் ஓட்டு ஹார்ட்விக்குக்குத்தான்.

1994-ல், கடைசி வரிசை எபிசோடுகளில், அவரும் ஒரு கதைக்கு வர முடியவில்லை. வாட்சனின் வேலையை ஹோம்ஸின் அண்ணன் மைக்ராஃப்டாக நடித்த சார்லஸ் கிரேயிடம் கொடுத்தார்கள். இன்னொரு கதையில் பிரெட்டே நோயில் விழுந்தார். முதலிலும் முடிவிலும் ஹோம்ஸைக் கொஞ்சம் காட்டிவிட்டு, துப்பறியும் வேலையை மறுபடி மைக்ராஃப்ட் தலையில் கட்டினார்கள். கிரே கண்ணியமாகத்தான் நடித்தார். ஆனால் எதிரில் ஹோம்ஸ் இல்லாமல் நிற்கும் ஹார்ட்விக்குக்கு, எங்கே பார்ப்பது என்றே தெரியவில்லை.